வறண்ட மூலையும் மழை மூலையும்: ஒரு தம்பதியின் பயணக் குறிப்பேடு

பாபகூரா, ஆகஸ்ட்

நியூசிலாந்தின் பரப்பு தமிழ்நாட்டைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இந்தியாவின் பரப்பு நியூசிலாந்தைப்போல் பன்னிரண்டு மடங்கு. ஆக்லாந்து மாநகரின் தென் ஓரத்தில், ஹுனுவா மலைத்தொடருக்கும் மனுகாவ் கழிமுகத்துக்கும் இடையே அமைந்த பாபகூராவில் குடியிருந்து, வெலிங்டன் வரையிலான தொலைவையே நெடுந்தூரமாகக் கருதிப் பழகிவிட்ட ஒரு தமிழ்த் தம்பதி, சுற்றுலா நிறுவனம் எதையும் நாடாமல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க முடிவு செய்யும்போது, அவர்கள் முன் நிற்கும் முதல் வேலை இடங்களைச் சேர்ப்பதைவிட இடங்களை விடுவதாகவே அமைகிறது. தாஜ்மகால், ஜெய்ப்பூர், காசி, காஷ்மீர் என்று நீளும் வழக்கமான பட்டியலைப் பின்பற்றினால் பயணக் காலத்தின் பெரும்பகுதி விமான நிலையங்களிலேயே கழிந்துவிடும் என்பதை வரைபடமே காட்டிவிடுகிறது.

ஆகவே பட்டியலுக்குப் பதிலாக ஒரு கேள்வியைத் தேர்ந்துகொள்வது என்று இருவரும் தீர்மானிக்கின்றனர். நீர்வழங்கல் பொறியியலில் பணியாற்றி ஓய்வுபெற்ற கணவர் முன்வைத்த கேள்வி எளியது: மழை மிகக் குறைவாகப் பெய்யும் மூலையிலும் மிக அதிகமாகப் பெய்யும் மூலையிலும் மனிதர்கள் நீரை எவ்வாறு சேமித்து வந்திருக்கிறார்கள்? பாபகூராவில் இக்கேள்வி எழுவது இயல்பே. 1950களுக்கும் 1970களுக்கும் இடையில் ஹுனுவா மலைகளில் கட்டப்பட்ட காசிஸ், மேல் மங்காடாவ்ஹிரி, வைரோவா, மங்காடாங்கி ஆகிய நான்கு அணைகளே ஆக்லாந்தின் குடிநீரில் பெரும்பங்கைத் தருகின்றன. 2020ஆம் ஆண்டின் வறட்சியில் அவற்றின் மட்டம் இறங்கியபோது, மழைக்குப் பஞ்சமில்லாத ஊர் என்று பெயரெடுத்த ஆக்லாந்திலும் தோட்டத்துக்குக் குழாய் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது.

பாபகூரா, செப்டம்பர்

தம்பதியாகப் பயணம் செய்து, கண்டவற்றை ஒரே நாட்குறிப்பில் பதிந்தவர்களுக்கு முன்னோடிகளைத் தேடினால், சிட்னி வெப், பியாட்ரிஸ் வெப் இணையரின் பெயர் முதலில் வந்து நிற்கிறது. 1892இல் மணம் புரிந்து, 1895இல் லண்டன் பொருளியல் பள்ளியை நிறுவியவர்களில் இருவராக விளங்கிய இவர்கள், 1898இல் அமெரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்கும், 1911-12இல் ஜப்பான், சீனம், பர்மா வழியாக இந்தியாவுக்கும் சென்றனர். பெண்களுக்கு 1893இல் வாக்குரிமை அளித்து, 1894இல் தொழில் தகராறுகளுக்கு நடுவர் மன்றச் சட்டம் இயற்றிய நாடு என்பதே நியூசிலாந்தின்பால் அவர்களை ஈர்த்தது. பியாட்ரிஸ் எழுத, இடையிடையே சிட்னியும் எழுதிய அந்த நியூசிலாந்து நாட்குறிப்பு 1959இல் வெலிங்டனில் அச்சேறியது. இந்திய நாட்குறிப்பு நூலாக வெளிவர 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இணையரும் காட்சிப் பட்டியலோடு புறப்படவில்லை. ஆட்சியும் கல்வியும் எப்படி நடக்கின்றன என்ற கேள்வியோடு புறப்பட்டனர். எனினும் மாவட்ட அதிகாரிகளின் முகாம்களில் தங்கிப் பயணம் செய்தவர்களுக்கு நாட்டின் ஒரு பக்கம் எளிதில் திறந்ததும் மறுபக்கம் அரிதாகவே திறந்ததும் வியப்பல்ல. அறிமுகக் கடிதம் வழியைத் திறப்பதோடு, பார்வை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. இக்காலத்தில் சுற்றுலா நிறுவனத்தின் நிகழ்ச்சி நிரல் அதே வேலையைச் செய்கிறது. இத்தகைய நெடும்பயணத்துக்குப் பணம் போதுமா என்ற தயக்கத்துக்கோ கொச்சி கடவந்தராவில் தேநீர்க்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதி விடை சொல்லியிருக்கின்றனர்: கடை வருமானத்தில் அன்றாடம் சிறு தொகையை ஒதுக்கி, கடனும் வாங்கி, 25 நாடுகளுக்கு மேல் சென்ற அவர்கள் 2019இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் வந்து போயினர்.

வெப் இணையரைப் பின்பற்றிப் பாபகூராத் தம்பதியும் ஒரே குறிப்பேட்டை வைத்துக்கொள்கின்றனர். இடப்பக்கம் கணவருக்கு, வலப்பக்கம் செவிலியராகப் பணியாற்றிய மனைவிக்கு என்பது ஏற்பாடு.

பாபகூரா, அக்டோபர்

இருவர் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டாலும் சட்டத்தின் முன் ஒரே பயணி ஆவதில்லை. கணவர் இந்தியக் கடவுச்சீட்டை இன்னும் வைத்திருப்பவர். மனைவி நியூசிலாந்துக் குடியுரிமை பெற்று, ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர். இந்த அட்டை வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு வாழ்நாள் விசாவாகப் பயன்படுகிறது; 2021ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி நினைவுச்சின்னங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் இந்தியருக்கு உரிய நுழைவுக் கட்டணமே அட்டைதாரருக்கும் பொருந்துகிறது. ஆனால் பாதுகாக்கப்பட்ட எல்லைப் பகுதிகளில் அட்டைதாரர் வெளிநாட்டவராகவே கொள்ளப்படுகிறார். அருணாசலப் பிரதேசத்துக்குள் நுழைய, 1873ஆம் ஆண்டின் எல்லை ஒழுங்குமுறையிலிருந்து வழிவந்த உள்கோட்டு அனுமதி கணவருக்குப் போதும். மனைவிக்கோ பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி என்ற வேறொரு தாள் வேண்டும். இந்தச் சிக்கல் இல்லாத மேகாலயமே மழை மூலைக்கான தேர்வாகிறது; வறண்ட மூலைக்குக் குஜராத்தின் கட்ச், இரண்டோடும் ஒப்பிட்டுப் பார்க்க இறுதியில் தமிழ்நாட்டின் பாலாற்றுப் படுகை.

ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து பயண நாளுக்கு 60 நாள் முன்னரே திறக்கிறது; இதற்கு முன் அது 120 நாளாக இருந்தது. இந்தியாவில் காலை எட்டு மணிக்குத் திறக்கும் முன்பதிவு, கோடைக்கால நேரம் தொடங்கிவிட்ட பாபகூராவில் பிற்பகல் மூன்றரை மணி. வெளிநாட்டு வங்கி அட்டையை இணையதளம் ஏற்பதற்குள் படுக்கைகள் தீர்ந்துபோக, குவஹாத்தியிலிருந்து காட்பாடிக்குக் கிடைத்தவை ஆர்.ஏ.சி. இடங்களே. இருக்கை உறுதி, படுக்கை உறுதியில்லை என்பது ஆர்.ஏ.சி.யின் பொருள்; பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்றில் இருவரை உட்கார வைத்து, யாரேனும் பயணத்தை ரத்துசெய்தால் அந்தப் படுக்கையை வரிசைப்படி ஒதுக்குவது இம்முறை.

தோலாவீரா, டிசம்பர்

இந்தியாவின் மிகப்பெரிய மாவட்டமான கட்ச், கேரளத்தைக் காட்டிலும் பரப்பில் பெரியது. புஜ் நகரிலிருந்து வடகிழக்கே சென்று, உப்பு வெண்மையாகப் படிந்த ரண் வெளியைப் பிளந்து செல்லும் சாலையில் காடிர் தீவை அடைந்தால், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் தோன்றிய ஹரப்பா நாகரிக நகரமான தோலாவீராவைக் காணலாம். 1990ஐ ஒட்டித் தொடங்கி ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் நடந்த அகழாய்வு வெளிக்கொணர்ந்த இந்நகரை யுனெஸ்கோ 2021இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இடப்பக்கம் நிறைந்து வழிகிறது. வடக்கே மன்சர், தெற்கே மன்ஹர் என்ற இரண்டு காட்டோடைகளும் மழைக்காலத்தில் சில நாள் மட்டுமே ஓடுபவை. நிலத்தடி நீரோ உவர்ப்பு. ஓடைகளைக் குறுக்கணைகளால் மறித்து, மதிலை ஒட்டிச் சங்கிலிபோல் அமைந்த நீர்த்தேக்கங்களுக்குத் திருப்பியிருக்கிறார்கள். கிழக்குத் தேக்கம் 70 மீட்டருக்கு மேல் நீளமும் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழமும் கொண்டது. அதன் மூலையில் படிக்கட்டு அடிவரை இறங்குகிறது. நீர் மட்டம் எவ்வளவு தாழ்ந்தாலும் கால் நனையும் இடத்துக்கு ஆள் போய்ச் சேர முடிகிற இந்த அமைப்பைக் கணவர் படி படியாக அளந்து வரைகிறார்.

வலப்பக்கத்தில் இரண்டே வரிகள்: படியில் நிறைகுடத்தோடு ஏறியவர் யார் என்பதை அகழாய்வு சொல்லவில்லை, மேற்படிகளைவிடக் கீழ்ப்படிகளில்தான் கோடைக்காலத்து உழைப்பு இருந்திருக்கும். புஜ் அருகிலுள்ள அஜ்ரக்பூருக்குச் சென்றபோது வலப்பக்கமும் நீள்கிறது. 2001 ஜனவரி 26ஆம் நாள் நிலநடுக்கத்துக்குப் பின் தமட்கா என்ற ஊரின் நிலத்தடி நீர் தன்மை மாறிப்போனதால், அஜ்ரக் அச்சுத்துணி செய்யும் கத்ரி குடும்பங்களில் பல இங்கே இடம்பெயர்ந்து புதிய ஊரை அமைத்துக்கொண்டன. துணியை மீண்டும் மீண்டும் அலச வேண்டிய தொழிலில், நீர் கெட்டால் சாயம் ஒட்டாது. சாயம் ஒட்டாவிட்டால் ஊரையே மாற்ற வேண்டியதாகிறது.

சோரா, டிசம்பர்

அகமதாபாதிலிருந்து விமானத்தில் குவஹாத்திக்கும், அங்கிருந்து பயணிகள் பகிர்ந்து செல்லும் சுமோ வண்டியில் ஷில்லாங்குக்கும், பின்னர் சிரபுஞ்சி என்று பாடநூல்கள் கற்பித்த சோராவுக்கும் வந்து சேர்ந்தால், நாட்டின் மறுமுனை தொடங்குகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 11,700 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இவ்வூர், 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை 26,461 மில்லிமீட்டர் பெற்று உலகச் சாதனை படைத்தது. எனினும் மழையில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டி முடிந்துவிடுகிறது. மண் அரித்துப்போன சுண்ணாம்புக்கல் மேட்டில் நீர் தங்காமல் செங்குத்துச் சரிவுகளில் இறங்கி வங்கதேசச் சமவெளிக்குப் போய்விடுகிறது. டிசம்பரில் ஊற்றுக்கருகே பிளாஸ்டிக் குடங்களும் தகரங்களும் வரிசையில் நிற்கின்றன. தோலாவீராவில் இருந்த தேக்கம் சோராவில் இல்லை என்று இடப்பக்கம் முடிவு கட்டுகிறது.

வலப்பக்கம் அத்தனை எளிதாக முடிவு கட்டவில்லை. சாலையோர ஜாதோ கடையில், அதாவது இறைச்சியோடு சமைத்த சோறு விற்கும் சிற்றுண்டிக் கடையில், கடைக்காரப் பெண்ணை எல்லோரும் ‘கோங்’ என்று அழைக்கின்றனர். அக்கா என்று தமிழகத்துக் கடைகளில் அழைப்பது போன்ற மரியாதை அது. இங்குள்ள காசி பழங்குடியினரிடம் குலம் தாய்வழி செல்கிறது. பூர்வீக வீடு கடைசி மகளுக்கு உரியது. ஆனால் ஊர் அவையான தர்பார் மரபுப்படி ஆண்களின் அவை. வீடு பெண்ணுக்கு, குடமும் பெண்ணுக்கு, ஊற்றைப் பற்றிய முடிவு மட்டும் ஆணுக்கு என்ற இந்தப் பங்கீட்டை மனைவி குறித்துவைத்து, தேக்கம் இல்லாமைக்குப் புவியியல் மட்டுமே காரணமா என்று கேட்கிறார். கணவர் அதன் எதிரே, சுண்ணாம்புக்கல்லில் எந்த அவை முடிவெடுத்தாலும் நீர் கசியும் என்று எழுதிவைக்கிறார்.

இருவரும் ஒத்துப்போகும் ஒரே செய்தி வேர்ப்பாலம் பற்றியது. சீமை ஆலமரத்தின் வேர்களைப் பாக்குமரத் தண்டுகளின் வழியே ஓடைக்கு அக்கரை வரை பழக்கி வளர்க்கும் இப்பாலம், ஆள் நடக்கும் உறுதி பெறப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகலாம். வெள்ளம் எந்தக் கட்டுமானத்தையும் அடித்துச்செல்லும் இடத்தில், வளர்ந்துகொண்டே இருப்பதுதான் நிலைக்கிறது.

விவேக் விரைவு ரயில், டிசம்பர்

திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் ஓடும் விவேக் விரைவு ரயிலே இந்தியாவில் மிக நீண்ட தடத்தில் செல்வது. எதிரெதிரான இரு இருக்கைகளின் சாய்மானங்களை மடக்கிக் கவிழ்த்தால் படுக்கையாகும் ஆர்.ஏ.சி. இடத்தில், ஒருவர் படுத்தால் மற்றவர் கால்மாட்டில் ஒடுங்கி உட்கார வேண்டும். முன்னிரவில் மனைவி உறங்க, வங்கத்தின் குளங்களும் ஒடிசாவின் நிலைய விளக்குகளும் இடப்பக்கத்துக்குரியவை ஆகின்றன. விடிந்தபின் கணவர் உறங்க, ஆந்திரக் கரையோரத்து வயல்கள் வலப்பக்கத்துக்குப் போகின்றன. ஒரே பயணச்சீட்டில் வந்தவர்களின் குறிப்புகள் இருவேறு நிலப்பரப்புகளைச் சொல்கின்றன.

உத்திரமேரூர், ஜனவரி

காட்பாடியில் இறங்கிப் பேருந்தில் கிழக்கே வந்தால், பாலாற்று அணைக்கட்டிலிருந்து நீர் பெறும் காவேரிப்பாக்கம் ஏரி, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கலங்கல் வழியாக வழிந்துகொண்டிருக்கிறது. கலங்கல் என்பது ஏரி நிறைந்தபின் மிகைநீர் வெளியேறும் இடம். மதகு என்பது பாசனத்துக்கு நீர் விடும் வாயில். மதகின் நீர் பாயும் நிலம் ஆயக்கட்டு. பல்லவர் காலத்து ஏரி என்று சொல்லப்படும் இதன் கரையில் நிற்கும்போது, தோலாவீராவின் தேக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை என்பது தெரிகிறது: அங்கே நீரைக் காத்தது மதில், இங்கே காத்தது ஊர்.

அந்த ஊர் எப்படிக் காத்தது என்பதை உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இக்கல்வெட்டின்படி, குடவோலை முறையில் தேர்ந்த உறுப்பினர்களைக் கொண்ட வாரியங்கள் ஊர்ப் பணிகளைக் கவனித்தன. அவற்றுள் ஏரி வாரியமும் ஒன்று. உறுப்பினர் ஆவதற்கு வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, கல்வித் தகுதி ஆகியவை வேண்டும். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினர்க்கும் இடமில்லை. இடப்பக்கம் இதனை நீர் நிர்வாகத்தின் முதிர்ச்சி என்று போற்ற, வலப்பக்கம் சோராவின் தர்பாரைச் சுட்டி, நிலமற்றவருக்கும் பெண்ணுக்கும் இந்த வாரியத்திலும் ஓலை இல்லை என்று எழுதுகிறது.

பாபகூரா, பிப்ரவரி

குறிப்பேட்டைப் படியெடுக்கும்போது இரு பக்கங்களையும் ஒன்றாகக் கலந்து ஒரே கதையாக்கிவிடலாம் என்ற எண்ணம் எழுந்து, உடனே கைவிடப்படுகிறது. நீரைத் தேக்கும் அமைப்பே ஒரு வட்டாரத்தின் விதியை எழுதுகிறது என்பது கணவரின் முடிவு. யார் முடிவெடுக்கிறார், யார் சுமக்கிறார் என்பதே எழுதுகிறது என்பது மனைவியின் முடிவு. இரண்டில் எதை நீக்கினாலும் கட்சும் சோராவும் பாலாற்றுப் படுகையும் மூன்று தனித்தனிச் சுற்றுலா இடங்களாகச் சுருங்கிவிடும்.

அடுத்த பயணத்துக்கான கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் முறை மனைவியுடையது. அவர் உப்பைத் தேர்ந்திருக்கிறார். அதன்படி சிறிய ரண்ணில் உப்பு விளைவிக்கும் அகரியாக்களின் பாத்திகள், ராஜஸ்தானத்துச் சாம்பர் ஏரி, 1930இல் ராஜாஜியின் உப்புச் சத்தியாக்கிரக நடைப்பயணம் சென்று சேர்ந்த வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்கள் ஆகியவை வரைபடத்தில் குறிக்கப்பட்டுவிட்டன. சாம்பர் ஏரிக்குப் போகும் வழியில் ஜெய்ப்பூர் இருப்பதைக் கணவர் சுட்டிக்காட்ட, அரண்மனைக்கு உப்பு எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பதானால் இறங்கலாம் என்ற நிபந்தனையோடு அதுவும் பட்டியலில் சேர்க்கப்படுகிறது.