துபாய்க் கரையில் தமிழ்ப் பலகை

சிரிப்புப் படம் என்றதும், 'ஒருவன் வழுக்கி விழுவான், இன்னொருவன் அடி வாங்குவான், அவ்வளவுதானே?' என்று கேட்கும் நேயர்கள் உண்டு. அவர்களுக்கு 1987-ல் வந்த 'நாடோடிக்காற்று' என்ற மலையாளப் படத்தைச் சிபாரிசு செய்கிறேன். எங்கள் மார்த்தாண்டம் 1956 நவம்பரில்தான் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. மலையாளப் படம் எங்களுக்கு அடுத்த வீட்டுக் குழம்பு மாதிரி. வடக்கே போகப் போக இந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் விழிக்கிறார்கள்.

சத்யன் அந்திக்காடு இயக்கிய படம். தாஸன், விஜயன் என்று இரண்டு பியூன்கள். தாஸனாக மோகன்லால், விஜயனாக வருபவர் திரைக்கதையையும் எழுதிய ஸ்ரீநிவாசன். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே கடன். ஆனால் தாஸன் பி.காம். முதல் வகுப்பு, விஜயன் பரீட்சையில் தவறியவன். போதாதா? தாஸனுக்கு எஜமானத் தோரணை வந்துவிடுகிறது! கையில் காலணா இல்லாதவனுக்கும் தனக்குக் கீழே ஒருவன் வேண்டியிருக்கிறது பாருங்கள். இதை இத்தனை பிரியத்தோடு கேலி செய்த படம் வேறொன்று நான் பார்த்ததில்லை.

வேலை போகிறது. பாங்கியில் கடன் வாங்கி இரண்டு பசு வாங்குகிறார்கள். பால் நினைத்தபடி கிடைக்கவில்லை. பசுக்களை விற்று, கபூர் என்பவனிடம் பணத்தைக் கொடுத்துத் துபாய்க்குத் தோணி ஏறுகிறார்கள். அரபு உடையில் ஜம்மென்று கரையேறினால், எதிரே தமிழ்ப் பலகை! இறங்கிய இடம் சென்னை. கபூராக நடித்த மாமுக்கோயா, சினிமாவுக்கு வருமுன் கோழிக்கோட்டில் மரம் அளக்கும் தொழில் செய்தவர். அந்த ஏமாற்றுக்காரனை நாம் வெறுக்க முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

மற்ற மலையாளிகள் அந்தப் பலகையைக் கண்டு சிரிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பலருக்கு இரண்டு எழுத்தும் தெரியும். நாங்கள் தோணியைப் பார்த்தே சிரிக்கிறோம். எல்லோராலும் அல்ல. வளைகுடா வேலைக்கென்று மாமியின் நகையை அடகு வைத்து, பம்பாய் வரை போய்த் திரும்பியவர் என் தாய்மாமன். டெலிவிஷனில் இந்தக் கட்டம் வந்தால் மட்டும் வெற்றிலைச் செல்லத்தைத் தேடி எழுந்து போய்விடுவார்.

சென்னையில் இவர்களை ரகசியப் போலீஸ் என்று நினைத்து ஒரு கள்ளக்கடத்தல்காரன் நடுங்குவது ஒரே ரகளை. எனக்கு அதைவிடப் பிடித்தது, அத்தனை அமர்க்களத்திலும் தாஸனின் அதட்டல் குறையாததும் விஜயனின் முணுமுணுப்பு ஓயாததுந்தான்.

1988-ல் முக்தா ஸ்ரீநிவாசன் இதையே தமிழில் 'கதாநாயகன்' என்று எடுத்தார், பாண்டியராஜனும் எஸ்.வி. சேகரும் ஜோடி. அதை இன்று யார் பேசுகிறார்கள்? கிடைத்தால் அதையும் பாருங்கள். ஆனால் மலையாளத்தை முதலில் பாருங்கள். பாஷை புரியாவிட்டால் பாதகமில்லை, சென்னை வந்த பிறகு அவர்களுக்கும் அதே கதிதான்!