திரைக்கு அந்தப் பக்கம்

கொற்கைப் பெண்கள் நாங்கள் வீட்டில் பேச முடியாததை ஆற்றில் பேசுவோம். கல்லில் துணி அடிபடும் சத்தத்துக்கும் தண்ணீர் ஓடும் சத்தத்துக்கும் நடுவே சொன்னது பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டும்தான் கேட்கும். பேச்சை வேறொரு சத்தத்தால் மூடும் இந்த வழியைக் கட்டட ஒலியியலிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாங்கள் போன ஆஸ்பத்திரி அறைக்கு அது வந்து சேரவில்லை.

மதினியைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன இடத்தில் டாக்டரம்மாவின் மேசைக்கும் காத்திருக்கும் பெஞ்சுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரைதான். "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?" பெஞ்சு முழுக்கக் கேட்டது. "இதுக்கு முன்னால எதுவும் கலைஞ்சிருக்கா?" பெஞ்சில் என் அம்மா இருந்தாள், மதினிக்கு மாமியார். இரண்டாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போனது அண்ணனுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

"இல்ல டாக்டர்" என்றாள் மதினி. சீட்டிலும் அப்படியே எழுதினார்கள். அடுத்த மாதம் அம்மாவை மருந்து வாங்க அனுப்பிவிட்டுத்தான் அவளால் உண்மையைச் சொல்ல முடிந்தது.

அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது அந்த அறை. சர்க்கரை எவ்வளவு என்று ஓர் ஆணிடம் கேட்பது ஊருக்கே கேட்டாலும் அவர் மானம் போவதில்லை. எங்கள் கருப்பையைப் பற்றிய ஒவ்வொரு பதிலுக்கும் வீட்டில் ஒரு தீர்ப்பு காத்திருக்கிறது. மெதுவாகப் பேசு என்று வளர்த்தவர்களே, இங்கே சத்தமாகச் சொல்லு என்கிறார்கள்.

திரை கண்ணை மறைக்கும், பேச்சைத் தடுக்காது. கூரையைத் தொடாத அலுமினியத் தடுப்பு என்றால் பேச்சு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கும். கதவுக்கடியில் விரலளவு இடுக்கு இருந்தாலே போதும், வெளியே கேட்டுவிடும். கூரைவரை செங்கல் சுவர், இடுக்கில்லாத கதவு, கதவைவிட்டுத் தள்ளிப் போட்ட பெஞ்சு: கொத்தனாருக்கும் தச்சருக்கும் தெரிந்த வேலைதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த 2018 நோயாளிகள் உரிமைச் சாசனம் அந்தரங்கத்தை உரிமை என்கிறது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டுவரை சிறை என்கிறது 2021-இல் திருத்திய சட்டம். மருத்துவர் வாயைக் கட்டிய சட்டம் சுவரைப் பற்றி யோசிக்கவில்லை.

புதுக் கட்டடம் திறக்கும் நாளில் ரிப்பன் வெட்டுகிறவர்கள் ஒரு காரியம் செய்யட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து சாதாரணக் குரலில் பேசட்டும். இன்னொருவர் வெளியே பெஞ்சில் இருந்து கேட்டுப் பார்க்கட்டும்.