மோடமும் அரபுத்தமிழும்

தமிழ் ஒலியை அரபு எழுத்திலே வடிப்பதும், அவ்வெழுத்தை மீண்டும் தமிழாக ஓதுவதும் நம் மூதாட்டியர் அறிந்த கலை. அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளி சேர்த்துப் புது எழுத்துகளை அமைத்துக்கொண்டனர் முன்னோர். அம்முறை அறியாதவர், அரபி கற்றவராயினும், அரபுத்தமிழ் ஏட்டின் முன் திகைத்தே நிற்பார். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் கிதாபுகளை ஓதிய நமக்கு, மோடம் என்னும் கருவியின் இயல்பு எளிதிலே விளங்கிற்று.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று திறந்துவிடப்பட்டது. தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலைச் சுமக்க அமைந்தது. கணினியோ 0, 1 என்னும் குறிகளால் பேசுவது. குறிகளை ஓசையாக்கி அனுப்பி, வரும் ஓசையைக் குறிகளாக்குவதே மோடத்தின் பணி. மோடத்தின் முறைமையைக் கணினிக்குக் கற்பிக்கும் உஸ்தாத் ‘டிரைவர்’ என்னும் மென்பொருள்.

2001ஆம் ஆண்டு வாப்பா மதுரை மருத்துவமனையில் கிடந்தார்கள். துபாயிலிருந்த காக்கா, மருத்துவ அறிக்கையை அங்கொரு மருத்துவரிடம் காட்டிய பின்பே அறுவைக்குச் சம்மதிப்பதாக இருந்தார்கள். அத்தருணத்தில், விண்டோஸ் 98 புதிதாக நிறுவப்பட்டிருந்த நம் வீட்டுக் கணினி மோடத்தை அறியேன் என்றது.

கருவிப் பட்டியலில் அதன் பெயரருகே மஞ்சள் வட்டத்தில் ஒரு வியப்புக்குறி. பொருந்தாத டிரைவரை நீக்கினோம். பெட்டியைத் திறந்து, மோடம் அட்டையின் சில்லிலே பொறித்த எண்ணைக் குறித்து, அதற்குரிய டிரைவரைக் குறுந்தகட்டில் பெற்று நிறுவினோம். சோதனையில் மோடம் மறுமொழி தந்தது. ஆயினும் அழைத்தபோது 680 என்னும் பிழை: டயல் டோன் இல்லை.

கருவி சரியாயின், அடுத்துப் பார்க்க வேண்டியது பாதையன்றோ? ரிசீவரை எடுத்தால் வெறும் கரகரப்பு. கடற்காற்றின் உப்பால் இணைப்புப் பெட்டியின் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. சுரண்டித் துடைத்து முறுக்கியதும் டயல் டோன் வந்தது; மோடம் கீச்சிட்டு இணைந்தது. அன்றிரவே அறிக்கை சென்றது; விடியுமுன் சம்மதம் வந்தது. வாப்பா அதன்பின் ஒன்பது ஆண்டுகள் நம்மோடு வாழ்ந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

அத்தகைய மோடம் இன்று வழக்கொழிந்தது, அதனால் இழப்பொன்றுமில்லை. ஆனால் உம்மாவின் பெட்டியில் அரபுத்தமிழ் ஏடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஓதும் முறை அறிந்தோர் அருகி வருகின்றனர். டிரைவரைக் கடையில் பெற்றோம். இம்முறையை எந்தக் கடையில் பெறுவது? அறிந்தவர் நம்மிடையே இருக்கும்போதே பிள்ளைகளை அவர்முன் அமர்த்துவோமாக.