கோல் மார்க்கெட்டும் மோர்பியும்

டெல்லியில 1921-ல கட்டின, பன்னிரண்டு பக்க கோல் மார்க்கெட். ஆபத்தான கட்டடம்னு சொல்லி நகராட்சி கடைகளைக் காலி பண்ண வச்சது, அருங்காட்சியகம் ஆக்கறதுக்கு. உயிர் முக்கியம், சரிதான். ஆனா தள்ளிப்போட்ட பராமரிப்போட செலவு எங்கேயும் காணாமப் போறதில்ல, வேற யார் தலையிலயாவது விடியும்.

குஜராத்தோட மோர்பி தொங்குபாலத்துல 2022-ல தளத்தைப் புதுசாக்கினாங்க, பழைய கேபிளை மாத்தல. பாலம் அறுந்து விழுந்தது. ஒரு கேபிளோட 49 கம்பியில 22 ஏற்கெனவே அறுந்திருக்கலாம்னு விசாரணைக் குழு சொன்னது. 135 உயிர்! எல்லாத்தையும் மாத்தக் காசுக்கு எங்கே போறதுன்னு கேக்கலாம், நியாயம்தான். (வரி கட்டறப்போ முனகுற ஆசாமிதான் நானும்.) ஆனா மாத்தற அளவுக்கு, பிரிச்சுப் பாக்கச் செலவாகாதே? திறப்பு விழாவுல தளம் தெரியும், துரு தெரியாது. பரிசோதனை அறிக்கையை வாசல்லயே ஒட்டினா என்ன?