சம்பளமில்லாத மலை

தோட்டத்தில் ஒருத்தர் "மலைக்குப் போறேன்" என்றால், வேலைக்குப் போகிறார் என்று அர்த்தம். பேராதனை கலைப்பீடத்தில் படிக்கும் நாங்கள் ஆறு பேரும் பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். கூடாரம் தூக்கிக்கொண்டு நக்கிள்ஸ் மலைக்குப் போறோம்னு சொன்னதும், எங்களில் ஒருத்தியின் அம்மா கேட்டார்: "சம்பளமும் இல்லாம எதுக்குப் புள்ளைகளா மலை ஏறுறீங்க?" நியாயமான கேள்விதான்.

கண்டியிலிருந்து மாத்தளை, அங்கே பஸ் மாறி ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன். உச்சியில் மூடுபனி, காற்று ஆளையே தள்ளும். மறுபக்கம் இறங்கினால் வேறு ஊர் மாதிரி: வெயில், காய்ந்த புல். மழைமேகத்தை மலைத்தொடர் மறிப்பதால் இரண்டு பக்கமும் இரண்டு காலநிலை. பிட்டவல பத்தனவில் பாறைமேல் மண் மெல்லிசு, அதனால் புல்வெளிதான். டிக்கெட் எடுத்து அதைக் கடந்தால் 'சின்ன உலக முடிவு'. நிலம் சட்டென்று முடிகிறது, கீழே பள்ளத்தாக்கு. நாங்கள் ஆறு பேரும் பேசாமல் நின்ற ஒரே இடம் அதுதான்!

காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்க முடியாது. கீழே கிராமத்தில் காசு கொடுத்துக் கூடாரம் போட்டோம். ராத்திரி சிக்னல் இல்லை. பேச்சு, நம்ம ஆக்கள் இந்த மலைகளுக்கு வந்த வழிக்குப் போனது. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டு வழியே மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். காலரா, மலேரியா, பசி என்று வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 200 வருட நினைவாக, 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. அதே மாத்தளையில்தான் அன்று காலையில் பிளேன்டீ குடித்துவிட்டு பஸ் மாறினோம்.

அவர்களுக்கும் இரவில் வானம்தான் கூரை. ஆனால் களைத்தால் உட்கார முடியாது. திரும்பிப் போகவும் வழியில்லை. எங்களுக்குக் கால் வலித்தால் உட்காரலாம். கூடாரம் நனைந்தால் விடிந்ததும் கண்டி பஸ் இருக்கிறது. யாரும் கொழுந்து நிறுக்கப் போவதில்லை. தலைமுறை தலைமுறையாக மலையிலேயே இருந்தும், மலையைப் பார்க்கவென்றே மலை ஏறியவர்கள் எங்கள் வீடுகளில் நாங்கள்தான் முதல். எங்களுக்கு இது சும்மா ஒரு ட்ரிப் இல்லை.

நீங்களும் போங்க. அட்டைக்கு சவர்க்காரமோ உப்போ எடுத்துக்கோங்க. கொண்டுபோற பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாங்க. பத்தன வரைக்கும் நடை லேசுதான். அடுத்த முறை வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிப் போகலாம்னு இருக்கோம், கூடை இல்லாமல்.