இரண்டாவது சோதனை

கர்ப்பப்பை அறுவைக்கு முன்னால் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் எனக்கு ‘எச்.சி.வி. பாசிட்டிவ்’ என்று வந்தது. அந்தத் தனியார் மருத்துவமனை அறுவையைத் தள்ளிவைத்தது. ஏன் என்று எனக்கு விளக்க ஆளில்லை. கணவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அன்றிரவே என் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைத்துக்கொண்டேன். பேரனைத் தூக்கப் பயந்தேன்.

எச்.சி.வி. என்பது ரத்தத்தின் வழியாகப் பரவும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ். ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, கட்டிப்பிடித்தாலோ ஒட்டாது. ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி போன்று ரத்தம் படக்கூடியவற்றைத்தான் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

“உனக்கு எப்படி இது வந்துச்சு?” என்று உறவில் ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த சந்தேகம் நோயைவிட வலித்தது. 1993-இல் மூத்தவள் சிசேரியனில் பிறந்தபோது எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். காசுக்கு ரத்தம் கொடுப்பவர்களை நம்பியிருந்த காலம் அது. அதற்குத் தடை வந்தது 1998-இல். தான ரத்தத்தில் இந்த வைரஸைச் சோதிப்பது கட்டாயமானது 2001-இல். அந்த ரத்தத்தில் வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார், பிறகு நான் போன அரசு மருத்துவமனையின் டாக்டர். இத்தனை வருஷமும் ஒரு வலியோ மஞ்சள் காமாலையோ இல்லை.

சோதனையைப் பற்றியும் அவர்தான் விளக்கினார். “அம்மா, முதல்ல எடுத்த இந்தக் கார்டு டெஸ்ட் வைரஸைக் காட்டாது. எப்பவோ வைரஸ் வந்ததுக்கு உங்க உடம்பு உண்டாக்கின எதிர்ப்பொருளைத்தான் காட்டும்” என்றார். நூற்றில் முப்பது பேர் அளவுக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸ் போய்விடுமாம். அப்படிப்பட்டவர்களுக்கும் கார்டு பாசிட்டிவ்தான் காட்டும். இப்போது வைரஸ் இருக்கிறதா என்பதைச் சொல்வது ஆர்.என்.ஏ. சோதனை. அந்தச் சோதனையில் எனக்கு வைரஸ் இருந்தது. ரத்தம் ஏற்றிய பிறகு, 1996-இல் பிறந்த சின்னவளுக்கும் சோதித்தோம். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது நூற்றில் ஐந்தாறு பேருக்குத்தான் என்றாலும் முடிவு வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. அவளுக்கு இல்லை.

கீழாநெல்லி அரைத்துக் குடி என்றார்கள், பத்தியம் இரு என்றார்கள். நான் சாப்பிட்டது சோஃபோஸ்புவிர், டாக்ளடாஸ்விர் மாத்திரைகள், 12 வாரம். கல்லீரல் சுருங்கும் நிலைக்குப் போகாததால் அது போதுமானதாக இருந்தது. முன்பெல்லாம் மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஊசி. காய்ச்சலிலும் சோர்விலும் பாதியில் விட்டவர்கள் உண்டு. 2013-இல் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். உரிமம் பெற்று இந்திய நிறுவனங்கள் தயாரித்ததில் விலை இறங்கியது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் எனக்கு மருந்து இலவசம். மருந்தை முடித்து 12 வாரம் கழித்துப் பார்த்ததில் வைரஸ் இல்லை. இதைத்தான் குணம் என்கிறார்கள்.

ஆனால் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தங்கிவிடுகிறது. பல் பிடுங்கப் போன இடத்தில் கார்டைப் பார்த்து மறுபடி முகம் மாறினார்கள். ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டை எடுத்து வைத்து, “எனக்கு இது இருந்தது, குணமாகிவிட்டது” என்று நான்கு பேர் காதில் விழும்படி சொன்னேன். அதில் ஒளிக்க எனக்கு ஒன்றுமில்லை.

என் அண்ணிக்கும் 1997-இல் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். “எனக்கு ஒண்ணுமில்லையே, எதுக்கு டெஸ்ட்?” என்கிறார். வருகிற திங்கட்கிழமை நானே அவரைக் கூட்டிப்போகிறேன்.