மேலதிகாரி எங்கே?

ஒகேனக்கல்லில் ஆற்றுக்கு எதிரே தெரிகிற பாறையும் காடும் கர்நாடகம். சந்தனக் கடத்தல் வீரப்பன் பிறந்த கோபிநத்தம் அந்தக் கரையில்தான். பாலாற்றருகே 1993 ஏப்ரல் 9 அன்று கண்ணிவெடியில் 22 பேர் செத்ததும் அந்தப் பக்கம்தான். மீன் வறுக்கிற கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் எல்லாரிடமும் வீரப்பன் கதை ஒன்று இருக்கும். எனக்கோ அவரைத் தேடிப் போனவர்கள் மீதான வழக்குகளில்தான் ஆர்வம். வழக்குகள் என்று பன்மையில் எழுதுவதே கொஞ்சம் அதிகப்படி.

*

பாலாறு வழக்கில் தடா பாய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கிராமத்தார் வருடக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். 2001-ல் மைசூர் தடா நீதிமன்றம் அவர்களில் பெரும்பாலோரை விடுவித்தது. ஆயுள் தண்டனை பெற்ற நால்வர் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். 2004-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்காக்கி அனுப்பியது. கருணை மனு ஆண்டுக்கணக்கில் தூங்கியதால் 2014 ஜனவரி 21-ல் அது மறுபடி ஆயுளானது. சாமானியன் மேல் சட்டம் எவ்வளவு வேகமாகவும் எவ்வளவு மெதுவாகவும் நகரும் என்பதற்கு இந்த ஒரு வழக்கு போதும்.

*

மறுபக்கக் கணக்கு. வீரப்பனைத் தேடிய இரு மாநில அதிரடிப்படைகளும் மலைக்கிராமத்தாரைப் பிடித்துப்போய் வதைத்தன என்ற புகார்களை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு போட்டது. மாதேஸ்வரன் மலையில் இருந்த முகாமுக்கு ஊரார் வைத்த பெயர் ‘ஒர்க் ஷாப்’. மின்சாரம் பாய்ச்சியதையும் தலைகீழாகத் தொங்கவிட்டதையும் ஆண்களும் பெண்களும் குழுவின் முன் வந்து சொன்னார்கள். 2007-ல் ஆணையம் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

பணம் கொடுத்தால் நடந்தது உண்மை என்று அரசு ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? நடந்தது உண்மையென்றால் செய்தவர் ஒருவர் இருக்க வேண்டும். 2004 அக்டோபர் 18-ல் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டு அதிரடிப்படையினருக்கு ரொக்கப் பரிசும் வீட்டுமனையும் ஒரு படி பதவி உயர்வும் அறிவிக்கப்பட்டன.

*

ஒகேனக்கல், தருமபுரி மாவட்டத்தின் மேற்குக் கோடி. கிழக்கே, அரூர் தாண்டி, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர் அந்த ஊருக்குள் போனார்கள். ஊராரை ஆலமரத்தடியில் திரட்டி அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் இழுத்துச் சென்று வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். பிறகு, குழந்தை குட்டிகளோடு பெண்களைச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். வழக்கு முதலில் விழுந்தது ஊரார் மேல்தான்.

மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ. நல்லசிவன் நீதிமன்றப் படியேறினார். மலைவாழ் மக்கள் சங்கம் ஊராரோடு நின்றது. 1995-ல் விசாரணை சி.பி.ஐ.க்குப் போனது. 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 269 பேரில் 54 பேர் உயிரோடு இல்லை. மீதி 215 பேரும் குற்றவாளிகள். 17 பேர் மேல் வன்கொடுமைக் குற்றம்: 12 பேருக்குப் பத்து வருடம், 5 பேருக்கு ஏழு. மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு.

சீருடைக்காரர்கள் இத்தனை பேர் ஒரே வழக்கில் தண்டிக்கப்பட்டது நாட்டிலேயே அபூர்வம். அந்தப் பெண்கள் பத்தொன்பது வருடம் வாக்குமூலத்தை மாற்றாமல் நின்றார்கள். வழக்கின் முதுகெலும்பு அவர்கள்தான். வக்கீல்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

*

இதுபோன்ற குற்றத்துக்குச் சர்வதேசச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. ரோம் சாசனம் 1998-ல் ஏற்கப்பட்டு, 2002 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. தி ஹேக்கில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அதன் பிள்ளை. பொதுமக்கள் மேல் பரவலாகவோ திட்டமிட்ட முறையிலோ தாக்குதல் நடக்கும்போது, அதன் பகுதியாகக் கொலை, சித்ரவதை, வன்புணர்ச்சி நடந்தால் அது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்கிறது 7-ஆம் பிரிவு. வாச்சாத்தி அந்த நீதிமன்றத்துக்குப் போயிருக்காது. 2002-க்கு முந்தைய குற்றத்தை அது தொடாது. இந்தியா உறுப்பினரும் இல்லை.

ரோமில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஐ.நா. பாதுகாப்புச் சபைக்கு வழக்கை அனுப்பும் அதிகாரமா என்று கேட்டது. அணு ஆயுதம் ஏன் பட்டியலில் இல்லை என்றும் கேட்டது. இரண்டும் நியாயமான கேள்விகளே. தானே உறுப்பினராக இல்லாத அமெரிக்கா இன்னொரு நாட்டை அந்தக் கூண்டுக்கு அனுப்ப வாக்களிக்கலாம் என்பதை யார்தான் ஏற்பார்கள்?

ஆனால் தி ஹேக் வேண்டாம் என்றவர்கள் தருமபுரி நீதிமன்றத்துக்காவது அப்படியொரு சட்டத்தைக் கொடுத்திருக்கலாம். இனப்படுகொலை ஒப்பந்தத்தை இந்தியா 1959-லேயே உறுதி செய்தது. அதற்கென உள்நாட்டுச் சட்டம் வரவில்லை. 1984 சீக்கியர் படுகொலை வழக்கில் 2018 டிசம்பரில் சஜ்ஜன் குமாரைத் தண்டித்த டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு (நீதிபதி எஸ். முரளிதர்), இந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்றது. அதன்பின் தண்டனைச் சட்டம் முழுதையும் மாற்றி எழுதினார்கள். பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததும் ஒரு ஜூலை 1-தான், 2024-ல். ஓட்டை அப்படியே இருக்கிறது.

*

ரோம் சாசனத்தின் 28-ஆம் பிரிவுதான் எனக்கு முக்கியம். கீழே இருப்பவன் செய்வது தெரிந்திருந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், தடுக்காத தளபதி அந்தக் குற்றத்துக்கே பொறுப்பு. உத்தரவு போட்ட காகிதம் வேண்டியதில்லை. சீருடை அணியாத மேலதிகாரிக்கும் ஏறத்தாழ அதே விதி. நம் சட்டத்தில் கூட்டுச்சதியையோ உடந்தையையோ நிரூபித்தாக வேண்டும். கண்டும் காணாமல் இருந்தவர் அந்த வலையில் சிக்குவது கடினம்.

2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். செப்டம்பர் 29-ல் தண்டிக்கப்பட்டவர்களின் எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 10 லட்சம். அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்க வேண்டும். கூடவே, அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னார். 28-ஆம் பிரிவின் பெயரைச் சொல்லாமலே அதன் வாசல்வரை வந்த உத்தரவு அது. வந்து சேர 31 வருடம் ஆகிவிட்டது.

*

‘ஒர்க் ஷாப்’பில் நடந்ததற்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. சித்ரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா 1997 அக்டோபர் 14-ல் கையெழுத்திட்டது. சித்ரவதைத் தடுப்பு மசோதா 2010-ல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைக்குப் போய்க் காலாவதியானது. ஒப்பந்தத்தை இந்தியா இன்னும் உறுதி செய்யவில்லை.